புரொப்பெல்லர் சுற்ற வேண்டும்: பழைய போர் விமானங்களைப் படமெடுக்க ஒரு முழு வழிகாட்டி

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை நடத்திய சாகச நிகழ்ச்சிக்குப் புதுச்சேரியிலிருந்து ஆறு பேர் போனோம். ஜெட் விமானங்களுக்கு நடுவே டகோட்டா, ஹார்வர்டு என்ற இரண்டு பழைய புரொப்பெல்லர் விமானங்களும் பறந்தன. ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், ஆறு பேரில் நாலு பேருடைய படங்களில் அந்த இரண்டு விமானங்களின் புரொப்பெல்லரும் அசையாமல் நிற்கிறது. கூர்மைக்குக் குறையில்லை, நிறமும் பிரமாதம். ஆனால் விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருந்தது.

ஜெட் விமானத்துக்குச் சொல்லப்படும் கேமரா அமைப்புகளை (செட்டிங்) அப்படியே பழைய விமானத்துக்கும் போட்டதுதான் நாலு பேரும் செய்த தவறு. அதன் பிறகு நிகழ்ச்சிகளுக்குப் போகும் புதியவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வரிசை இது. மெரினாவில் அடுத்த முறை நடந்தால் அதற்கும், கோடையில் பிரான்சில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய் லா ஃபெர்த்தே அலேயில் நடக்கும் பழைய விமான நிகழ்ச்சியைப் பார்க்கப்போகிறவர்களுக்கும் பொருந்தும். நம்மூரில் இரண்டாவது வகை ஆட்களுக்கும் பஞ்சமில்லை.

வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஐந்து படிகளையும் நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே ஊரில் முடித்துவிட வேண்டும்.

1. டேபிள் ஃபேனிலிருந்து ஆரம்பியுங்கள்

"என்னண்ணா, ஏரோப்ளேன் எடுக்கக் கத்துக்கலாம்னு வந்தா ஃபேனை எடுக்கச் சொல்றீங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். ஆமாம், ஃபேன்தான்.

டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 1300 சுற்று சுற்றும். டகோட்டாவின் என்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே பல்சக்கரம் இருக்கிறது. என்ஜின் 16 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் 9 சுற்றுதான். என்ஜின் 2050 சுற்றில் ஓடும்போது புரொப்பெல்லர் சுமார் 1150. ஃபேனுக்கும் புரொப்பெல்லருக்கும் மூன்று இறக்கை. ஆக, உங்கள் வீட்டு டேபிள் ஃபேனும் டகோட்டாவின் என்ஜினில் சுற்றுவதும் கேமரா கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்று.

ஃபேனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஷட்டர் வேகத்தை (ஷட்டர் திறந்திருக்கும் நேரம், விநாடிக் கணக்கில்) 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60 என்று மாற்றி ஐந்து படம் எடுங்கள். 1/1000ல் இறக்கை 8 பாகை மட்டுமே நகர்ந்திருக்கும். நின்ற மாதிரிதான் தெரியும். 1/250ல் 30 பாகைக்கு மேல் நகர்ந்து விளிம்பு கலையும். 1/125ல் 60 பாகை, அதாவது ஒரு இறக்கைக்கும் அடுத்த இறக்கைக்கும் உள்ள இடைவெளியில் பாதி நிறைந்துவிடும். 1/60ல் முழு வட்டம். இந்த ஐந்து படங்களையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி அன்று குழப்பம் வந்தால் பார்க்கலாம்.

இதைப் பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் செய்யுங்கள். எல்.இ.டி. விளக்கும் ட்யூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அந்த வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும், ஃபேன் சில நேரம் நின்றதுபோலவும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கணக்கே தப்பு என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

எல்லாப் பழைய விமானத்துக்கும் ஒரே வேகம் இல்லை. ஹார்வர்டிலும் டைகர் மாத்திலும் நடுவே பல்சக்கரம் கிடையாது. என்ஜின் 2000 சுற்றென்றால் புரொப்பெல்லரும் 2000. அதனால் 1/200, 1/250லேயே நல்ல கலைவு கிடைத்துவிடும். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், ஸ்கைரெய்டர் போன்ற பெரிய என்ஜின்காரர்களிடம் புரொப்பெல்லர் என்ஜினின் பாதி வேகத்துக்கும் கொஞ்சம் குறைவாகவே சுற்றுகிறது. உறுமலைக் கேட்டு வேகமாகச் சுற்றுகிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள். அவற்றுக்கு 1/160, முடிந்தால் 1/125 வேண்டும்.

ஹெலிகாப்டர் இன்னும் மெதுவு. மேல் விசிறி நிமிடத்துக்குச் சுமார் 200 முதல் 400 சுற்றுதான், ஏறக்குறைய நம் சீலிங் ஃபேன். அதற்கு 1/100க்குக் கீழே போக வேண்டியிருக்கும்.

2. மூன்று அமைப்புகளைச் சேமித்து வையுங்கள்

நிகழ்ச்சியில் புரொப்பெல்லர் விமானமும் ஜெட்டும் ஹெலிகாப்டரும் மாறி மாறி வரும். ஜெட்டுக்கு 1/1600 போட்டவர் அதை மாற்ற மறந்துவிட்டு டகோட்டாவை எடுத்துவிடுவார். மெரினாவில் எங்களுக்கு நடந்தது இதேதான்.

ஓரளவு நல்ல கேமராக்கள் பலவற்றில் சுற்றும் டயலில் சி1, சி2, சி3 அல்லது யு1, யு2 என்று இருக்கும். முதல் எண்ணில் புரொப்பெல்லர்: 1/250. இரண்டாவதில் ஜெட்: 1/1600. மூன்றாவதில் ஹெலிகாப்டர்: 1/100. டயலை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் போதும். இரண்டே இடம் இருந்தால் ஹெலிகாப்டரைக் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.

புரொப்பெல்லருக்கு ஏன் 1/125 இல்லாமல் 1/250 என்று கேட்பீர்கள். அது ஆரம்பப் புள்ளி. அங்கிருந்து எப்படி இறங்குவது என்பதை 9ஆம் படியில் சொல்கிறேன்.

மூன்று அமைப்புக்கும் பொதுவானவை சில. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்க வேண்டும். சில கேமராவில் ஏ.எஃப்.சி., சிலவற்றில் ஏ.ஐ. சர்வோ. ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்றாக இருந்தால் விமானம் நழுவிவிடும், எல்லாப் புள்ளியும் இருந்தால் மேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு சின்னக் கூட்டம் போதும். ரா கோப்பாக (பதப்படுத்தாத மூலப்படமாக) பதியுங்கள். ஐ.எஸ்.ஓ. (சென்சார் வெளிச்சத்தை வாங்கும் திறன்) 100, ஜெட்டுக்கு மட்டும் அதைக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றுவதை நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். புகையைக் கக்கிக்கொண்டு போகும் விமானத்தில் ஃபோகஸ் புகைக்குத் தாவப் பார்க்கும். அந்த நேரம் கட்டைவிரலை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் எடுக்கலாம். பழக ஒரு வாரம் ஆகும். அதனால்தான் ஒரு மாதம் முன்பே என்கிறேன்.

3. லென்ஸ், ஃபில்டர், தூசி

100-400 அல்லது 150-600 மி.மீ. ஜூம் இருந்தால் நிம்மதி. சின்ன சென்சார் கேமராவில் 70-300 போட்டாலும் டகோட்டா மாதிரி பெரிய விமானத்துக்குப் போதும். லென்ஸ் வாங்கக் கடன் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். ஆனால் நிகழ்ச்சிக்கு முதல் நாள் எடுக்காமல், பயிற்சிக்கும் சேர்த்து எடுங்கள். பழகாத லென்சின் ஜூம் வளையம் எந்தப் பக்கம் திருகும் என்று விமானம் தலைக்கு மேல் வரும்போது தேடக் கூடாது.

பலர் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. சுள்ளென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்து 1/125க்குப் போனால் லென்சின் துளை (அப்பர்ச்சர்) எஃப் 16க்குச் சுருங்கும். அவ்வளவு சுருங்கினால் படத்தின் நுண்மை மங்கும். அதைவிட மோசம், சென்சாரில் உள்ள ஒவ்வொரு தூசியும் நீல வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். கடற்கரை ஊரில் லென்ஸ் மாற்றி மாற்றிப் போடுபவர்களின் சென்சார் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்வு இரண்டு. போவதற்கு முன் சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். பிறகு ஒரு போலரைசர் ஃபில்டர் போடுங்கள். அது வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் அளவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைப்பதால் துளை எஃப் 9, எஃப் 10க்குத் திரும்பிவிடும். காக்பிட் கண்ணாடியின் பளபளப்பும் சில கோணங்களில் அடங்கும். மேகமூட்டமாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ட்ரைபாட் வேண்டாம். நம்மைக் கட்டிப்போடும், கூட்டத்தில் யார் காலிலாவது இடறும். கனமான லென்ஸ் என்றால் ஒற்றைக்கால் மோனோபாட் சரி.

4. பஸ்ஸும் செம்பருந்தும்

மெதுவான ஷட்டர் வேகத்தில் விமானம் கலையாமல் இருக்க, கேமராவும் விமானத்தோடு அதே வேகத்தில் திரும்ப வேண்டும். பேனிங் என்பது அவ்வளவுதான். பழக விமானம் தேவையில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 40 மீட்டர் தள்ளி 60 கி.மீ. வேகத்தில் போகும் பஸ்ஸும், 200 மீட்டர் தள்ளி 300 கி.மீ. வேகத்தில் போகும் விமானமும் நம் கண் முன்னால் ஒரே வேகத்தில்தான் திரும்புகின்றன. புதுச்சேரி–கடலூர் சாலையில் எதிர்ப்பக்கம் திறந்த வெளியாக இருக்கும் இடமாகப் பார்த்து, சாலையிலிருந்து 40 மீட்டர் உள்ளே தள்ளி நின்றுகொள்ளுங்கள். பஸ் நடத்தும் பரீட்சைக்குக் கட்டணமும் இல்லை: பக்கவாட்டில் உள்ள "கடலூர்" என்ற எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும், சக்கரம் கலைந்திருக்க வேண்டும். எழுத்துதான் விமானத்தின் உடல், சக்கரம்தான் புரொப்பெல்லர்.

நிற்கும் விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். பஸ் வரும் திசையைப் பார்த்துக் காலை ஊன்றிக்கொண்டு, அது எதிரே வரும்போது இடுப்பை முறுக்குகிறார்கள். படம் எடுக்கும் நொடியில் உடம்பு முறுக்கேறி ஆடும். தலைகீழாகச் செய்யுங்கள். எங்கே வைத்துப் படம் எடுக்கப் போகிறீர்களோ அந்தத் திசைக்குக் கால். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, வரும் பஸ்ஸைப் பிடியுங்கள். அது நெருங்க நெருங்க முறுக்கு அவிழும். எதிரே வரும்போது உடம்பு தளர்வாக இருக்கும்.

இடது கை லென்சின் அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டியபடி. ஷட்டரை அழுத்திய பிறகும் ஒரு நொடி தொடர்ந்து திருப்புங்கள். அழுத்தியதும் கை நின்றுவிட்டால் கடைசிப் படம் கலையும், அநேகமாக அதுதான் நல்ல படமாக இருந்திருக்கும்.

1/500ல் பத்துப் பஸ், 1/250ல் பத்துப் பஸ், அப்புறம் 1/125. 1/250ல் பாதிப் படமாவது தேறும் வரை கீழே இறங்க வேண்டாம். லென்சில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் பேனிங்குக்கென்று தனி முறை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 2 என்று குறித்திருக்கும். சாதாரண முறையில் விட்டால் நீங்கள் திருப்புவதையே அதிர்வு என்று நினைத்து லென்ஸ் எதிர்த்து இழுக்கும்.

கைக்குக் கொஞ்சம் லகுவான பயிற்சி வேண்டுமென்றால் புதுச்சேரி பீச் ரோடு. மாலை 6 முதல் காலை 7.30 வரை மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பஸ் நேர்கோட்டில்தான் போகும், விமானம் வளையும். அதற்குச் செம்பருந்து. கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் மீன் இறக்கும் நேரத்தில் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். சாய்ந்து திரும்பும்போது முதுகுப்பக்கம் வெயில் படும் பாருங்கள், அந்த நொடியில் அழுத்தப் பழகுங்கள். விமானத்தில் நீங்கள் காத்திருக்கப் போவதும் அதே சாய்வுக்குத்தான். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு என்பதால் வெளிச்சத்தை அளக்கவும் நல்ல பாடம். மீன்காரர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள். ஏலம் நடக்கும் இடத்தில் நடுவே போய் நின்று நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

லாஸ்பேட்டை விமான நிலைய ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான். பெரிய ஜெட்டுக்கு அது போதாது, ஏ.டி.ஆர். மாதிரி புரொப்பெல்லர் விமானத்துக்கு ஏற்றது. சேவை இருக்கும் நாளில் அந்தப் பக்கம் வீடுள்ள நண்பர்களின் மாடியிலிருந்து எடுத்துப் பழகலாம். விமான நிலையச் சுவரோரம் நீண்ட லென்சோடு நிற்காதீர்கள். படைத்தளங்களின் சுவர் என்றால் பக்கத்திலேயே போக வேண்டாம்.

5. சூரியன் எந்தப் பக்கம்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். பார்வையாளர்கள் வடக்கே நின்று தெற்கே பார்த்தால் நாள் முழுக்கச் சூரியன் விமானத்துக்குப் பின்னால்தான் இருக்கும். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் இதுதான் நிலை. அங்கே படமெடுப்பவர்கள் காலங்காலமாகப் புலம்பும் விஷயம் அது.

ஓடுபாதையின் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அதன் திசை கிடைக்கும். 06 என்றால் 60 பாகை, அதாவது கிட்டத்தட்ட வடகிழக்கு. மறுமுனை 24, அதாவது 240 பாகை. இதை வரைபடத்தில் வைத்து, பார்வையாளர் பகுதி எந்தப் பக்கம் என்று பார்த்தால் வெளிச்சக் கணக்கு முடிந்தது.

மெரினாவுக்கு வரைபடமே வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரையும் மெரினாவும் ஒரே திசையைத்தான் பார்க்கின்றன. காலை முழுக்க சூரியன் முகத்துக்கு எதிரே. 2024ல் நிகழ்ச்சி 11 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை நடந்தது, சூரியன் ஏறக்குறைய உச்சியில். விமானத்தின் அடிவயிறு இருண்டுதான் விழும். அதே நேரத்தில் புதுச்சேரி காந்தி சிலைப் பக்கம் நின்று கடல் மேல் பறக்கும் காக்கையை எடுத்துப் பாருங்கள். கேமரா காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப் கூட்டினால்தான் காக்கைக்கு உருவம் வரும். அந்த ஒரு ஸ்டாப்தான் அங்கே உங்களுக்குத் தேவைப்படுவதும்.

லா ஃபெர்த்தே அலே நிகழ்ச்சி பெந்தெகொஸ்தே வார இறுதியில் நடப்பது வழக்கம். ஈஸ்டருக்கு அடுத்த ஏழாவது ஞாயிறு என்று எண்ணினால் தேதி வந்துவிடும். மே 10க்கும் ஜூன் 13க்கும் இடையில் விழும். அப்போது அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை, பத்து ஆகும். நம்மூரில் ஐந்து மணிக்குக் கிடைக்கும் மஞ்சள் வெளிச்சம் அங்கே எட்டு மணிக்கு. நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். வந்த விமானங்கள் ஊர் திரும்பும் நேரத்தில் கூட்டம் இருக்காது, வெளிச்சம் சாய்ந்திருக்கும்.

6. பை

கேமரா, லென்ஸ், துணைக்கு ஒரு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, துடைக்கும் துணி. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பெட்டியில் போட்டு அனுப்ப விமானங்களில் அனுமதி இல்லை.

தொப்பியில் ஒரு கண்ணி இருக்கிறது. முன்னால் நீண்ட கிரிக்கெட் தொப்பி கேமராவில் இடிக்கும். எல்லாரும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நெற்றியைக் கருக்கிக்கொள்கிறார்கள். மடங்கும் துணித் தொப்பியும் கழுத்துக்கு ஒரு ஈரத் துண்டும் போதும்.

தண்ணீரை நீங்களே சுமந்து போங்கள். 2024 மெரினா நிகழ்ச்சியில் லட்சக்கணக்கான கூட்டம், வெயில் இரண்டும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஆளுக்கு மூன்று லிட்டர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். படம் பிறகு. முந்தைய நாட்களில் அங்கே ஒத்திகையும் நடந்தது. அடுத்த முறை நான் ஒத்திகைக்குத்தான் போவேன். அதே விமானங்கள், கூட்டம் மட்டும் குறைவு.

பிரான்சில் நிலைமை வேறு. ஜூன் என்றாலும் காலையில் புல்லெல்லாம் ஈரமாக இருக்கும், மழையும் தூறும். தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு மழைக்கோட்டு.

7. இடம் பிடிப்பது

கயிற்றை ஒட்டிய முதல் வரிசை வேண்டுமென்றால் கதவு திறக்கும்போதே இருக்க வேண்டும். லா ஃபெர்த்தே அலே விமானத் திடல் பாரிசுக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தள்ளி, செர்னி ஊரின் மேட்டு நிலத்தில் இருக்கிறது. பாரிஸ் புறநகர் ரயிலான ஆர்.இ.ஆர். டி தடத்தில் லா ஃபெர்த்தே அலே ஸ்டேஷன் உண்டு, இறங்கி மேடு ஏற வேண்டும். பாரிஸ் புறநகரான சர்செலில் இருக்கும் என் அக்கா, "ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்டா" என்றதைக் கேட்டு முதல் வருஷம் நான்காவது வரிசையில் நின்றேன். என்னிடம் இருக்கும் படங்களில் பாதியில் ஒரு பெரியவரின் குடை இருக்கிறது.

நடுப்பகுதிக்கு எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது ஓரம். விமானம் தரையைவிட்டு எழும் இடத்தில் பின்னணியில் மரங்கள் இருக்கும், வேகம் தெரியும். ஆனால் முழுச் சாகசத்தையும் பார்க்க வேண்டுமென்றால் நடுதான் சரி. குடும்பத்தோடு போனால் விவாதிக்காமல் நடுவிலேயே உட்காருங்கள்.

8. நின்றிருக்கும் விமானங்களை முதலில் முடியுங்கள்

லா ஃபெர்த்தே அலேயில் பறப்பது பெரும்பாலும் பிற்பகலில்தான். காலையில் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களை அருகில் போய்ப் பார்க்க விட்டால் அதை முதலில் முடித்துவிடுங்கள்; கூட்டமும் குறைவு, வெளிச்சமும் சாய்வு.

பழைய விமானங்கள் பலவற்றுக்கு மூக்கு மேலே தூக்கியிருக்கும், வால் தரையில் இருக்கும். நின்றபடி எடுத்தால் தொந்தி தள்ளினாற்போலத் தெரியும். முழங்காலிட்டு, மூக்குக்கு முக்கால் பக்கமாக இருந்து எடுங்கள். ஆணி வரிசை, எண்ணெய் வழிந்த தடம், தேய்ந்த டயர் எல்லாம் நின்றிருக்கும்போதுதான் கிடைக்கும். புரொப்பெல்லருக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள், என்ஜின் அணைந்திருந்தாலும்.

9. பறக்கத் தொடங்கியதும்: மேலிருந்து இறங்குங்கள்

சாதாரணமாக ஒரு விமானம் ஐந்தாறு முறை முன்னால் கடந்து போகும். முதல் முறை 1/250. அதில் ஒன்றிரண்டு கூர்மையான படம் உறுதி. அடுத்ததற்கு 1/200. மூன்றாவதற்கு 1/160. நாலாவது, ஐந்தாவதில் 1/125. முதல் முறையிலேயே 1/125க்குப் போகிறவர் ஒன்றுமில்லாமல் வீட்டுக்கு வருவார். கடைசி வரை 1/250லேயே நிற்கிறவருக்கு எல்லாப் படமும் கூர்மை, ஆனால் டகோட்டாவின் புரொப்பெல்லர் இறக்கைகள் பாதி உறைந்திருக்கும். இரண்டு பேருக்கும் நடுவே இருப்பதற்குத்தான் இந்த ஏணி.

1/125ல் எனக்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு படம் தேறினால் அன்று நல்ல நாள். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அந்த ஐந்தில்தான் விமானம் உயிரோடு இருக்கும்.

விமானத்தைத் தூரத்திலேயே பிடியுங்கள். ஜூமைக் குறைத்து வைத்துக் கண்டுபிடித்து, ஃபோகஸ் பூட்டிய பிறகு ஜூமைக் கூட்டுங்கள். 600ல் வைத்துக்கொண்டு வானத்தில் தேடினால் விமானம் போயே போய்விடும்.

மூக்கைத் துரத்தாதீர்கள், காக்பிட்டைப் பின்தொடருங்கள். அருகில் கடக்கும் விமானத்தின் மூக்கும் வாலும் நம் கண்ணுக்கு ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மூக்கோடு சேர்ந்து திருப்பினால் விமானியின் முகம் கலையும். காக்பிட் கூர்மையாக இருந்தால் வால் கொஞ்சம் கலைந்தாலும் கண் மன்னித்துவிடும்.

ஷட்டரை விடாமல் அழுத்தாதீர்கள். மூன்று, நாலு படம், ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று, நாலு. தொடர்ந்து அழுத்தினால் கேமராவின் நினைவு நிரம்பி, விமானம் சரியாக எதிரே சாயும் நொடியில் அது திணறி நிற்கும். ஒவ்வொரு முறை விமானம் கடந்த பிறகும் திரையை ஒருமுறை பார்த்தால் போதும். ஒவ்வொரு படத்துக்கும் குனிந்தால் இரண்டாவது விமானம் பின்னாலிருந்து வருவது தெரியாது.

வெளிச்சத்துக்கு ஒரு வார்த்தை. தானியங்கியில் விட்டால், பின்னணி வெள்ளை மேகமாக மாறும்போதெல்லாம் விமானம் கறுக்கும். வெயில் படும் புல்தரையில் அளந்து, துளையைக் கையால் வைத்துவிடுங்கள். வெயில் மாறினாலோ ஷட்டர் வேகத்தை மாற்றினாலோதான் தொடுவது.

10. எந்தக் கோணத்தில் அழுத்துவது

விமானம் நம்மை நோக்கிச் சாய்வாக வரும்போது, அதாவது மூக்கின் முக்கால் பக்கம் தெரியும்போது, புரொப்பெல்லர் வட்டமாகத் தெரியும். உறைந்த இறக்கை அப்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஆனால் அதே கோணத்தில்தான் விமானம் நம் கண்ணுக்கு மெதுவாக நகர்கிறது, அதனால் 1/125க்குத் துணிந்து இறங்கலாம். தேவையும் வசதியும் ஒரே இடத்தில் சேருவது இந்தத் தொழிலில் அபூர்வம். பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நேர் பக்கவாட்டில் வரும்போது வட்டம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். அங்கே விமானத்தின் நகர்வும் அதிகம். 1/320 வைத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

செம்பருந்துக்குக் காத்திருந்தது நினைவிருக்கிறதா? விமானம் நம் பக்கம் சாய்ந்து வளையும்போது இறக்கையின் மேல்பக்கமும் காக்பிட்டும் தெரியும், வெயிலும் அங்கேதான் படும். மற்ற நேரமெல்லாம் அடிவயிறுதான். வால் நம் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிடுங்கள், போகிற விமானத்தின் படத்தை யாரும் பார்ப்பதில்லை. படச் சட்டத்துக்குள் மூக்குக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள்.

11. கானல்

நண்பகலில் ஓடுபாதையின் மறுமுனையில் நிற்கும் விமானத்தை 600ல் இழுத்து எடுத்தால் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். லென்சில் கோளாறு என்று நினைத்துச் சர்வீசுக்குக் கொடுத்தவர் இருக்கிறார். சூடான தரைக்கு மேல் காற்று கொதிப்பதால் வருவது அது. எந்த அமைப்பாலும், எந்த மென்பொருளாலும் சரியாகாது. விமானம் பக்கத்தில் வரட்டும், அல்லது தரையைவிட்டு மேலே ஏறட்டும். அதுவரை தண்ணீர் குடியுங்கள்.

12. வீட்டுக்கு வந்ததும்

அங்கேயே உட்கார்ந்து எதையும் அழிக்காதீர்கள். சின்னத் திரையில் கூர்மையாகத் தெரிந்தது பெரிய திரையில் இருக்காது, இருட்டாகத் தெரிந்தது ரா கோப்பில் மீண்டுவிடும்.

முதல் சுற்றில் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி இரண்டே இடம் பாருங்கள்: காக்பிட் கூர்மையா, புரொப்பெல்லர் கலைந்திருக்கிறதா. இரண்டும் இல்லாதவை போகட்டும். இரண்டாவது சுற்றில் கோணம். மூன்றாவது சுற்றில்தான் நிறமும் வெட்டுதலும். நிறத்திலிருந்து ஆரம்பித்தால் கலைந்த படத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

வானத்தில் தூசிப் புள்ளிகள் இருக்கும். ஒரு படத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ மற்றப் படங்களிலும் அதே இடத்தில்தான். ஒன்றில் திருத்திவிட்டு அந்தத் திருத்தத்தை மற்றவற்றுக்கும் நகலெடுக்கலாம். ஆனால் விமானத்தின் மேல் விழுந்த புள்ளியைத் தனியாகப் பாருங்கள். ஒருமுறை அப்படி நகலெடுத்ததில் ஒரு ஹார்வர்டின் வால் சக்கரத்தை அழித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து, ஃபேனை எடுக்கச் சொன்னதைக் கேள்வி கேட்ட அந்தத் தம்பிதான் காட்டிக்கொடுத்தான்.